தோப்பை வெட்டினால் பீட் நிலத்துக்குத் தண்ணீர் திரும்புமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என்2 சாலையில் வடக்கே போனால் ஸ்டாங்கர் தாண்டியும் வெகுதூரம் கரும்புதான். எம்பாங்கேனி கடந்ததும் கம் மரத் தோப்புகள் (தமிழ்நாட்டில் தைலமரம்) இருபக்கமும் வரிசை கட்ட ஆரம்பிக்கும். ஹ்லுஹ்லுவேயில் கடற்கரைப் பக்கம் திரும்பி ம்பஸ்வானா, மன்ஸெங்வென்யா வரை போனால் பைனும் சேர்ந்துகொள்ளும். அந்தத் தோப்புகளுக்கு நடுவே, மணல்மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில், கோரையும் நாணலும் நிற்கிற கறுப்பு நிலங்கள் உண்டு. பார்வைக்குச் சாதாரணச் சதுப்பு. கம்பியை இறக்கிப் பார்த்தால் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் பீட். அதாவது தண்ணீருக்குள்ளேயே கிடந்ததால் மட்காமல் சேர்ந்த செடிகொடி மிச்சம்.

தென்னாப்பிரிக்காவில் பீட் அரிது. நாட்டின் பெரும்பகுதி வறண்ட பூமி. இருக்கிற பீட்டில் பாதிக்கும் மேல் மொசாம்பிக் எல்லை வரை நீளும் இந்த மபுடலாந்துக் கடலோர மணலில்தான் இருக்கிறது. செயின்ட் லூசியாவின் கிழக்குக் கரையிலுள்ள ம்ஃபபேனி பீட் நிலம் சுமார் 10 மீட்டர் ஆழம், சுமார் 45,000 ஆண்டு வயது. பீட் பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், பல இடங்களில் அதைவிடக் குறைவு. ஒரு மீட்டர் எரிந்து போனால் அது மீண்டும் சேர ஆயிரம் வருடமாவது வேண்டும்.

இந்தப் பள்ளங்களுக்குள் யாரும் மரம் நடவில்லை, விளிம்பிலிருந்து தள்ளித்தான் நட்டிருக்கிறார்கள், அப்புறம் ஏன் பீட் காய்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் மணல். இந்த மணலில் ஓடை உருவாவது குறைவு. பெய்கிற மழை நேரே கீழே இறங்கி நிலத்தடி நீராகி, மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பக்கவாட்டில் மெதுவாக நகரும். பள்ளத்தில் அந்த நீர் தரையைத் தொடுகிற இடம்தான் பீட். அதன் உயிர் வானத்தைவிட மேட்டை நம்பி இருக்கிறது.

ம்ஃபபேனியில் எடுத்த அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டும். கோரை நிற்கிற பீட் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக்கி விடுகிறது. பக்கத்து மணல்மேட்டின் இயற்கையான புல்லும் புதரும் எடுப்பது சுமார் 480. பீட் தாராளமாகச் செலவு செய்கிறது, மேடு சிக்கனமாக இருந்து மிச்சத்தைக் கீழே அனுப்புகிறது. இப்போது அந்த மேட்டில் கம் மரத்தை நடுங்கள். வேர் நிலத்தடி நீரை எட்டிவிட்ட தோப்பு ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் சாதாரணமாக எடுக்கும். மழையோ கடலோரத்தில்தான் ஆயிரத்தைத் தாண்டும், உள்ளே போகப்போக 700 பக்கம் இறங்கிவிடும். மேடு கொடுப்பதை நிறுத்துவதோடு போகாது, பள்ளத்திலிருந்தும் இழுக்கத் தொடங்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நிறைந்த மணலிலிருந்து வடியக்கூடிய தண்ணீர் அதன் கன அளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே மரங்கள் மழைக்கு மேல் 100 மில்லிமீட்டர் கூடுதலாகக் குடித்தால், பக்கத்திலிருந்து நீர் வந்து சேராத பட்சத்தில், நீர்மட்டம் 50 சென்டிமீட்டர் இறங்கும். பீட்டின் மேற்பரப்பு காய்வதற்கு அதில் பாதி போதும்.

ஈரநிலத்தின் வெளி விளிம்பிலிருந்து 20 மீட்டர் விட்டு நடுவது இங்கே தோப்புக்காரர்களின் வழக்கம். களிமண் சரிவில், ஓடைக்கரையில் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. வண்டலைத் தடுக்கும், நிழலை விலக்கும். கடலோர மணலில் அந்த 20 மீட்டர் கண்துடைப்பு. நீர்மட்டச் சரிவு அதைப்போலப் பல மடங்கு தூரத்திலிருந்து வருகிறது. போதாததற்கு, விளிம்பு எது என்பதே இங்கே தகராறு. தென்னாப்பிரிக்க முறையில் மேல் 50 சென்டிமீட்டர் மண்ணில் துருப்புள்ளிகளைத் தேடி ஈரநில எல்லையைக் குறிப்பார்கள். மபுடலாந்தின் வெளிறிய மணலில் துருப்பிடிக்க இரும்பே போதாது, புள்ளி தெரியாது. எல்லை உள்ளே தள்ளிப்போய், மரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, மரத்தை வெட்டிவிட்டால்? பலரும் அத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ம்புமலாங்கா மலைச்சரிவில் மொகோபுலான் என்ற இடத்தில் நடந்த நீண்டகாலச் சோதனை வேறு கதை சொல்கிறது. அங்கே 1969-இல் ஒரு சிறு நீர்ப்பிடிப்பில் கம் மரம் நட்டார்கள், ஒன்பதாம் ஆண்டில் ஓடை முற்றிலும் வறண்டது. பக்கத்தில் 1971-இல் பைன் நட்ட நீர்ப்பிடிப்பின் ஓடை பன்னிரண்டாம் ஆண்டில் வறண்டது. கம் மரங்களைப் பதினாறாம் வயதில் வெட்டிய பிறகு ஓடை பழையபடி ஆண்டு முழுவதும் ஓட ஐந்து ஆண்டு ஆனது. மேல் மண் ஒரு மழைக்காலத்தில் நனைந்துவிடும். ஆனால் ஆழத்தில் வேர் உறிஞ்சிக் காலியாக்கிய இடம் முழுவதும் நிரம்பிய பிறகே மிச்சத் தண்ணீர் வெளியே வரும்.

இந்த இடைவெளி பீட்டுக்கு மிக ஆபத்தான காலம். மரம் போய்விட்டது, தண்ணீர் இன்னும் வரவில்லை, வெட்டிய கிளையும் பட்டையும் தரையில் காய்ந்து கிடக்கின்றன, வெயில் நேரே விழுகிறது. மழை மண்ணில் இறங்கும்போது, மரம் எடுத்துக்கொண்டிருந்த நைட்ரேட்டும் சேர்ந்து பள்ளத்துக்கு வருகிறது. அதில் கோரை பின்வாங்கி, சம்பு பெருகும். மேட்டில் ஒரே பருவத்தில் குரோமோலீனா என்ற அந்நியக் களை புதராக மூடிவிடும். அது பச்சையாக இருக்கும்போதே எண்ணெய் பிடித்தது மாதிரி எரிகிற செடி, விளிம்பில் நின்றால் திரிதான்.

தீ விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மன்ஸெங்வென்யா பக்கத்திலுள்ள ‘வாசி’ என்ற பீட் நிலங்கள் இதற்கு நல்ல சாட்சி: தோப்பு சூழ்ந்து, நீர்மட்டம் இறங்கி, பீட் வெடித்து, பிறகு உள்ளுக்குள் எரிந்தவை. புல் தீ சுவாலையோடு ஓடி, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பீட் தீயில் சுவாலை இல்லை. 500 முதல் 700 டிகிரி வரை கனன்று, ஒரு நாளில் சில சென்டிமீட்டர், சில பத்து சென்டிமீட்டர் என்று நகரும். மேலே சாம்பல் ஆறிக் கிடக்கும், கீழே குழி விழுந்திருக்கும். நடப்பவர் கால் உள்ளே போனால் முழங்கால் வரை வெந்துவிடும். விளிம்பு மரங்களின் வேர் எரிந்து, காற்றே இல்லாத நேரத்தில் மரம் சாயும். புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். இரவில் பள்ளத்தில் தங்கி, காற்று போகும் திசையிலுள்ள வீடுகளுக்குள் இறங்கும்.

எப்போது பற்றும்? ஈரத்தின் எடை, உலர்ந்த பீட்டின் எடையைவிட ஏறக்குறைய 1.1 முதல் 1.25 மடங்குக்குக் கீழே போனால் கனல் தானாகப் பரவும். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டாமல், விரலில் தூளாக உதிர்ந்தால் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் நார்க்கழிவை வெயிலில் எலும்பாகக் காயவைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு அடுத்தது புரியும்: பீட்டும் ஒரு தடவை நன்றாகக் காய்ந்தால் தண்ணீரை வாங்காது, மேலேயே உருட்டிவிடும். ஒரு கட்டியை உடைத்துப் புது முகத்தில் ஒரு சொட்டு விட்டுக் கடிகாரம் பாருங்கள். ஐந்து விநாடிக்குள் உறிஞ்சினால் நல்லது. ஒரு நிமிடம் தாண்டியும் முத்தாக நின்றால், மேலே தண்ணீர் தெளித்துத் தீயணைக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

தெளிப்பது ஏன் பயன்படாது என்பதற்கு ஒரு மனக்கணக்கு. ஒரு கன மீட்டர் பீட்டில் உலர்ந்த பொருள் 150 கிலோ என்று வைப்போம். அதைப் பற்றாத ஈரத்துக்குக் கொண்டுவரவே 190 லிட்டர் வேண்டும். சூட்டில் ஆவியாவதும் விரிசல் வழியே ஓடிப்போவதும் தனி. ஒரு பாக்கி (இங்கே பிக்கப் வண்டிக்குப் பெயர்) சுமக்கிற டேங்கர் தண்ணீர் சில சதுர மீட்டருக்குத்தான் காணும். வேலைக்கு ஆகிற வழிகள் இரண்டே. ஒன்று, எரியும் இடத்தைச் சுற்றி அடி மணல் வரையோ நனைந்த பீட் வரையோ அகழி வெட்டி, தோண்டிய காய்ந்த பீட்டை எரியாத பக்கம் குவிக்காமல் எரிந்த பக்கமே தள்ளுவது. மற்றொன்று, எக்ஸ்கவேட்டர் வாளியால் கிளறித் தண்ணீரோடு குழைப்பது, கூடவே நுரைமருந்து கலந்தால் ஒட்டாத பீட்டும் நனையும். அகழியால் ஒரு கெடுதலும் உண்டு. தீ அணைந்த பிறகு அது வடிகாலாகிவிடும், அதனால் மழைக்கு முன் மூடியாக வேண்டும். அணைந்ததா என்று பார்க்க நீளத் தண்டு வெப்பமானியை 30 சென்டிமீட்டர், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் செருகுங்கள். புகை தெரியவில்லை என்பது ஒரு பொருட்டே அல்ல.

பற்ற வைப்பது பெரும்பாலும் வேண்டுமென்றே அல்ல. 1998-ஆம் ஆண்டின் 101-ஆம் எண் தீத்தடுப்புச் சட்டப்படி நில உரிமையாளர் தீத்தடுப்புப் பட்டை வைத்திருக்க வேண்டும். அதைக் குளிர்காலத்தில் (இங்கே மே முதல் ஆகஸ்ட் வரை) எரித்தே போடுவது பழக்கம். பட்டை பள்ளத்தின் விளிம்பை ஒட்டிப் போகும், ஏனென்றால் அங்கேதான் மரம் இல்லை. பீட் நனைந்த ஆண்டுகளில் அதுவே நல்ல தடுப்பு. நீர்மட்டம் இறங்கிய ஆண்டில் அதே கோடு தீக்குச்சி. பீட் ஓரத்தில் புல்லை அறுத்துப் பட்டை போடுவதே சரி, செலவு கூடினாலும்.

வறட்சிதான் காரணம், மரமல்ல என்ற வாதத்தையும் பார்த்துவிடலாம். 2015–16 எல் நினோ வறட்சியில் செயின்ட் லூசியா ஏரியே ஏறக்குறைய காய்ந்தது, மழைக்குறைவு பொய்யல்ல. நாட்டின் மிகப்பெரிய இயற்கை நன்னீர் ஏரியான சிபாயா இறங்கியதற்கும் மழைக்குறைவு, தோப்பு இரண்டையும்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட பள்ளத்தில் எது எவ்வளவு என்பதைக் குழாய் வைத்தால் பிரித்துவிடலாம். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை.

50 மில்லிமீட்டர் பிவிசி குழாயின் கீழ் ஒரு மீட்டரில், ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக ரம்பத்தால் கீறல் போட்டு, வடிதுணி சுற்றிக் கட்டுங்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே கோட்டில் ஐந்து குழாய்: தோப்புக்குள் விளிம்பிலிருந்து 200 மீட்டரில் ஒன்று, 50 மீட்டரில் ஒன்று, விளிம்பில் ஒன்று, பீட்டுக்குள் இரண்டு. பீட்டிலுள்ள குழாயும் பீட்டைத் துளைத்து அடி மணலுக்குள் ஒரு மீட்டராவது போக வேண்டும். தோப்பே இல்லாத, அதே உயரத்திலுள்ள ஒரு பள்ளத்தில் ஆறாவது. மழைக்குறைவு மட்டும் காரணம் என்றால் ஆறு குழாயிலும் நீர் ஒன்றாக இறங்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பீட் தரையிலிருந்து தண்ணீரை அளப்பது. பீட் காய்ந்தால் தரையே இறங்கும். தண்ணீர் 40 சென்டிமீட்டர் இறங்கி, தரையும் 15 சென்டிமீட்டர் இறங்கினால், ‘ஆழம்’ 25 மட்டுமே கூடியதாகத் தெரியும். அதனால் 12 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி ஒன்றை மணலுக்குள் ஊன்றி, அதன் தலையிலிருந்து தண்ணீரையும் தரையையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். அந்தக் கம்பி ஆண்டுக்கு ஆண்டு நீளமாக வெளியே தெரிய ஆரம்பித்தால் பீட் சுருங்குகிறது, மட்குகிறது என்று பொருள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அளந்தால் போதும். கையில் பணம் இருந்தால் விளிம்புக் குழாயில் ஒரு அழுத்தப் பதிவுக்கருவி போட்டு, அரைமணிக்கு ஒரு அளவு எடுங்கள். மழையில்லாத வாரத்தின் வரைபடத்தில் ஒரு பல்வரிசை தெரியும்: காலை எட்டு மணிவாக்கில் இறங்க ஆரம்பித்து, மாலையில் நின்று, இரவில் சற்றே ஏறி, மறுநாள் அதைவிடக் கீழே இறங்கும். மரம் பகலில் குடிக்கிறது, இரவில் பக்கத்து நீர் வந்து நிரப்பப் பார்க்கிறது. கோரையும் இப்படிச் செய்யும், ஆனால் கோரையே இல்லாத 200 மீட்டர் குழாயில் அந்தப் பல் தெரிந்தால் வேர் நீரைத் தொட்டுவிட்டது என்பதில் சந்தேகமில்லை. அதே சமயம் மேட்டுக் குழாயின் நீர் பள்ளத்தைவிடத் தாழ்ந்து நின்றால், ஓட்டமே திரும்பிவிட்டது. பீட் தோப்புக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வெட்ட முடிவு செய்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நிலத்தடி நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை. முக்கோணமாக மூன்று குழாய் வைத்து மட்டம் பார்த்தால் திசை தெரிந்துவிடும். வரும் பக்கத்து மேட்டிலுள்ள தோப்பு, தூரமாக இருந்தாலும், முதலில் போக வேண்டும். பள்ளத்தைச் சுற்றி அழகாக ஒரு வளையம் வெட்டுவது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், தண்ணீருக்குப் பெரிய வித்தியாசம் செய்யாது.

எப்போது வெட்டுவது என்பதில் இழுபறி இருக்கிறது. மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் பீட்டில் தடம் போடும், அந்தத் தடமே வாய்க்காலாகும். குளிர்காலத்தில் தரை தாங்கும், ஆனால் காய்ந்த கழிவு ஆகஸ்ட் காற்றுக்குத் தீனி. மே, ஜூனில் வெட்டி, ஜூலை முடிவதற்குள் கழிவை விளிம்பிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளிப் பரப்பிவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். குவித்து எரிக்க வேண்டாம். சுற்றியுள்ள கிராமத்தாரை விறகு எடுக்க அனுமதித்தால் பாதி வேலை முடிந்தது, அதைத் தடுக்கிற நிர்வாகங்களின் காரணம் விளங்குவதில்லை. பீட்டுக்குள்ளேயே முளைத்த பைன், கம் மரங்களைக் கைரம்பத்தால் வெட்டி அங்கேயே விடலாம். இழுத்து வெளியே கொண்டுவந்துதான் ஆக வேண்டும் என்றால் வண்டிக்கு அடியில் கிளைகளை 30 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, ஒரே பாதையில் போகச் சொல்லுங்கள்.

பைன் வெட்டினால் போச்சு, விதையிலிருந்து முளைப்பதைப் பிடுங்கினால் சரி. கம் மரம் அப்படியல்ல. கரும்பு மறுதாம்பு மாதிரி அடிக்கட்டையிலிருந்து கிளம்பும், பழைய ஆழ வேர் அப்படியே இருப்பதால் புது நாற்றைவிட வேகமாகக் குடிக்கும். வெட்டிய சில மணி நேரத்துக்குள் கட்டையின் விளிம்பில், பட்டைக்கு உட்புறமுள்ள ஈர வளையத்தில், களைக்கொல்லி பூச வேண்டும். நடுக்கட்டை உயிரற்றது, அதில் ஊற்றுவது வீண். தப்பித் துளிர்த்தவை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வந்ததும் இலையில் அடிக்கலாம். தண்ணீர் ஓரத்துக்கு அனுமதிக்கப்பட்ட மருந்துதானா என்று லேபிளைப் படித்துவிட்டு அடியுங்கள். முதல் ஆண்டு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு சுற்று, அதற்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டு. சுற்றை விட்டால் நான்காம் ஆண்டில் மறுபடி தோப்பு.

பழைய வடிகால்களை மூடுவது அடுத்தது. பலரும் கைக்குக் கிடைத்த மணலைப் போட்டு அடைக்கிறார்கள். முதல் பெருமழையில் மணலுக்குள் துளை விழுந்து அடைப்பு மொத்தமாகப் போய்விடும். நன்கு மட்கிய, ஈரமான பீட்டையே அமுக்கி அணை கட்ட வேண்டும். வாய்க்காலின் இருபக்கமும் ஒரு மீட்டர் உள்ளே ஏற வேண்டும், தலை சுற்றுத் தரையைவிட 30 சென்டிமீட்டர் உயரம், ஏனென்றால் அது அமுங்கும். ஒரு அணைக்கும் அடுத்ததற்கும் நீர்மட்ட வித்தியாசம் 20 சென்டிமீட்டரைத் தாண்டாதபடி நெருக்கமாகப் போடுங்கள். அடி மணல் வரை வெட்டிய வாய்க்காலில் பலகையை அறைந்து, வடிதுணியும் வைக்க வேண்டும். நல்ல காரியம்தானே என்று அனுமதியில்லாமல் தொடங்க முடியாது: 1998-ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டத்தின் 21(சி), 21(ஐ) பிரிவுகள் அடைப்பதற்கும் பொருந்தும். தோப்பு வளர்ப்பை நீரோட்டத்தைக் குறைக்கும் தொழில் என்று 36-ஆம் பிரிவில் அறிவித்ததும் இதே சட்டம்தான்.

கோசி பே பக்கம் சதுப்புக் காட்டை வெட்டி வாழையும் மடும்பியும் (சேப்பங்கிழங்கு) போடுவதை எல்லோரும் கைநீட்டிக் காட்டுவார்கள். சதுப்பு அத்தியும் உம்டோனியும் (நம் நாவல் மரத்தின் இனம்) போனதும் நிழல் போய், பாத்திக்காக வெட்டும் வாய்க்காலில் பீட் மட்கிக் கரைவது உண்மை. ஆனால் சுற்றிலும் வெறும் மணல், அதிலும் ஈரத்தை மரம் எடுத்துக்கொண்ட இடங்களில் ஒரு குடும்பம் பயிர் செய்ய மிச்சமிருப்பது அந்தக் கறுப்பு மண்தான். தோட்டம் போடுபவரைத் துரத்துவதைவிட, வாய்க்கால் ஆழத்தை 30 சென்டிமீட்டருக்குள் வைத்து, நடுநடுவே பலகை வைத்து, மடும்பியை ஈரத்திலேயே வளர்க்கச் சொல்வது நடக்கிற காரியம். சேப்பங்கிழங்கு இனத்துக்கு நின்ற நீர் பழக்கமானது. வாழைக்குத்தான் வடிகால் வேண்டும், அதை விளிம்பு மேட்டுக்கு நகர்த்தலாம்.

ஏற்கெனவே எரிந்து குழி விழுந்த பீட்டில் நீர்மட்டம் திரும்பும்போது, தரை தாழ்ந்துவிட்டதால் அங்கே கோரை வராமல் திறந்த குட்டைதான் நிற்கும். அரை மீட்டருக்கு மேல் ஆழமான நீரில் கோரை நாற்று பிழைப்பது கடினம். குட்டையின் ஓரத்திலிருந்து, பத்து முதல் இருபது சென்டிமீட்டர் நீர் நிற்கிற பட்டையில், பக்கத்து நல்ல பள்ளத்தின் கோரைக் கிழங்குகளை வேரடி மண்ணோடு பெயர்த்து, மீட்டருக்கு ஒன்றாக நடுங்கள். மழைக்கால ஆரம்பத்தில் நடாதீர்கள், நீர் ஏறி மூழ்கடித்துவிடும். மார்ச் கடைசியில், மட்டம் நிலைத்த பிறகு நட்டால் வேர்பிடிக்கும். குழாய்களை மட்டும் பிடுங்காமல் விட்டு வையுங்கள், மொகோபுலானின் ஐந்து ஆண்டுக் கணக்கு ஓடைக்குத்தான், ஆழமான மணலில் அதைவிடக் கூடவும் ஆகலாம்.